துறவிகள் வாசல் சாவி

எட்டு ஓட்டை போட்ட ஒரு மரப்பலகையைப் பீடத்துக்கு நேர் எதிரே வைத்து, அதன் தலைக்கு மேல் நான்கு விளக்கைப் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று எழுதியும் வைத்தால் மாதாகோயிலைப் பார்த்துக்கொள்கிற எந்தக் கோயில்பிள்ளைக்குத்தான் வயிறு எரியாது? அறுநூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் மடத்துத் துறவிகள் எட்டுப் பேராக உட்கார்ந்து காலைக்கடன் கழித்த பலகை அது. அந்த இடத்தில் முப்பத்தோரு வருடமாக நான் பூச்சாடி வைத்துக்கொண்டிருந்தேன். பூவைத் தொடாதே என்று ஒருநாளும் யாருக்கும் எழுதி வைத்ததில்லை.

மாவட்ட அருங்காட்சியகத்தில் குழாய் வெடித்து, கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். சரிசெய்ய எட்டு மாதம் ஆகுமாம். அதுவரை சாமான்களை எங்கே கண்காட்சியாக வைப்பது என்று யோசித்தவர்களுக்கு எங்கள் மடத்துக் கோயில்தான் கண்ணில் பட்டது. மடத்தில் துறவிகள் இல்லாமல் போய் இருநூறு வருடமாகிறது, கோயில் மட்டும் இருக்கிறது, பெரிதாகவும் இருக்கிறது. ஆயர் அலுவலகம் சரி என்றது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் காலையில் லாரி வந்து நின்றது. பெஞ்சுகளைத் தூக்கிக் கொட்டகையில் போட்டார்கள். ஞாயிறு திருப்பலியைப் பக்கத்திலிருக்கும் சிற்றாலயத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள்.

சாமான்களோடு டாக்டர் தீசன் என்ற அம்மாளும் வந்து இறங்கினார். வடக்கத்திக்காரர். இஸ்திரி போட்ட மாதிரி பேசுவார். ஒன்பது இடத்தில் ஈரப்பதம் அளக்கும் மீட்டர் வைத்தார். ஐம்பத்தைந்துக்கு மேல் ஏறினால் பழைய மரம் உப்பிவிடுமாம், தோல் செருப்பில் பூஞ்சை பூத்துவிடுமாம். அதனால் யாராவது கதவைத் திறந்து ஒரு மூச்சு விடுவதற்குள், “கதவு! ஈரப்பதம்!” என்று எங்கிருந்தோ சத்தம் வரும். நான் ஈரத்துணியால் தரை துடைத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம்தான் எனக்கு நிம்மதி.

இதெல்லாம் போகட்டும். என் கவலை வேறு. என் அண்ணன் கோர்பினியானுக்கு அந்தக் கோயிலில் கல்யாணம்.

அண்ணனுக்கு வயது அறுபத்திரண்டு. மணப்பெண் வால்புர்கா, எங்களுக்கெல்லாம் புர்கி, என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இரண்டு பேர் வீடும் எதிரெதிரே. வியாழக்கிழமை தோறும் அவள் வீட்டில் இவனுக்குச் சூப்பு. அவள் வீட்டு விறகை இவன்தான் பிளந்து போடுவான். இதில் கல்யாணம் எதற்கு என்று கேட்பீர்கள். அவனுக்கு வேண்டும். ஆனால் அவள்தான் பிடி கொடுக்காதவள். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு முறை இதே பீடத்தின் முன் நின்று, பாதிரியார் கேள்வியைக் கேட்கும்போது, “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுத் துறவிகள் வாசல் வழியாக வெளியே போனாள். அது கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திறக்கும் சின்ன வாசல். அதைத் தாண்டினால் பேருந்து நிறுத்தம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு பேருந்து. வெள்ளை உடுப்போடு அதில் ஏறிக் கம்பி நீட்டிவிட்டாள். பதினைந்து வருடம் கழித்து மறுபடி நாள் குறித்தார்கள். அதே கேள்வி, அதே வாசல், அதே பேருந்து. இரண்டாவது தடவை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கெட்டவள் இல்லை. ஓடிவிட்டு வந்து அழுவாள். ஆனால் அண்ணன் அந்த இரண்டாவது தடவைக்கு அப்புறம் ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. விறகு பிளக்கும் சத்தம் மட்டும் கேட்கும். இந்த முறை நாள் குறித்த அன்று என் சமையலறையில் வந்து உட்கார்ந்து சொன்னான்:

“சென்சி, இதுதான் கடைசி. இந்தத் தடவையும் அவ போயிட்டா நான் மறுபடி கேக்க மாட்டேன். வீட்டை வித்துட்டு எங்கேயாவது போயிடுவேன். எதுத்த ஜன்னல்ல அவ விளக்கு எரியறதை இனிமே என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது.”

“எங்கடா போவே?”

“எங்கேயோ. ஜன்னல் இல்லாத ஊருக்கு.”

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டுத் தரகரின் அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது.

எட்டு மாதம் பொறுத்து, இந்தத் தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் போனபிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமே என்று புர்கியிடம் கேட்டேன். முடியாது, கண்காட்சி இருக்கும்போதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் என்று கேட்டதும் சூப்பைக் கிளறப் போய்விட்டாள். நகராட்சியில் போய்ப் பதிவுக் கையெழுத்துப் போடுவதுகூடத் திங்கட்கிழமைதான், முதலில் கோயில் என்றாள். பதிவுக்கு முன்னால் கோயிலில் நடத்த அனுமதி கேட்டுப் பாதிரியார் எமெராம், ஆயருக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒப்பந்தப்படி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கோயில் எங்களுக்கு. அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது.

அடுத்த தகராறு வேட்டு. அண்ணன் எங்கள் ஊர் வேட்டுக்காரர் சங்கத்துக்குத் தலைவன். கையில் பிடித்து வெடிக்கும் கனத்த வேட்டுக்குழல் இருபத்துநான்கு. சங்கத்துக்காரனுக்குக் கல்யாணம் என்றால், பெண் ‘ஆம்’ சொன்னதும் கோயில்பிள்ளை மணியை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மணிச் சத்தம் காதில் விழுந்ததும் வெளியே நிற்பவர்கள் இருபத்துநான்கையும் ஒன்றாக வெடிப்பார்கள். மணி அடித்தால் வெடி, அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

“வெடியா? இங்கேயா?” என்று கேட்டு டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கண்ணாடிப் பெட்டி ஒவ்வொண்ணுலயும் அதிர்வு அலாரம் இருக்கு. கொஞ்சம் அதிர்ந்தாலும் பெரிய கதவு தானாப் பூட்டிக்கும். நகரத்திலேர்ந்து ஆள் வந்தாத்தான் திறக்கும்.”

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். வேட்டுக்காரர்கள் முந்நூறு மீட்டர் தள்ளி, மீன்குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பெண் ‘ஆம்’ சொன்னதும் டாக்டரம்மா அலாரத்தை அணைத்துவிட்டு எனக்குத் தலையசைப்பார். அப்புறம்தான் நான் மணியடிக்க வேண்டும். நிகழ்ச்சி முடியும்வரை அவசரத்துக்குத் துறவிகள் வாசலைப் பூட்டாமல் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்.

கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை காலை பத்தரைக்குத் துறவிகள் வாசலைப் பூட்டிச் சாவியைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆமாம், வேண்டுமென்றேதான். அவள் ஓடிய வாசல் அது. முழ நீளச் சாவி, என் முன்கை அளவு. நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

பதினொரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பெஞ்சு இல்லாததால் நின்றார்கள். நின்றாலும் அவரவர் பெஞ்சு இருந்த இடத்தில்தான் நின்றார்கள். மாவுமில் குடும்பத்தின் இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒற்றைச் செருப்பு. அந்தக் குடும்பம் ஏழு பேரும் பெட்டியைச் சுற்றி அடைகாத்துக்கொண்டு நின்றார்கள். பாதிக்கூட்டம் பலகையை வேடிக்கை பார்த்தது. எட்டாவது ஓட்டை மட்டும் ஏன் பெரிசு என்று கசாப்புக்கடை லெயோன்ஹார்ட் சத்தமாகக் கேட்க, அது மடாதிபதிக்கு என்று பதில் வந்தது. பாதிரியாரே சிரித்துவிட்டார்.

புர்கி நீலப் பாவாடையில் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பலகைக்கும் பழைய மடத்து மணிக்கும் நடுவில் கிடைத்த சந்தில் இரண்டு பேரையும் நிற்க வைத்தார்கள். அந்த மணியும் கண்காட்சிச் சாமான்தான். இடுப்பு உயரத்தில் ஒரு மரச்சட்டத்தில் தொங்கியது. ஆற்றுக்கு அக்கரையில் வயலில் நிற்கும் துறவிகளுக்குக் கேட்க வேண்டும் என்று வார்த்த மணி. பலகைக்குப் போட்டிருந்த நான்கு விளக்கில் இரண்டு, சரியாகப் புர்கியின் தலைமேல் அடித்தன.

“கோர்பினியான், நீ இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?”

“ஏத்துக்கறேன் ஃபாதர். மூணு தடவையா ஏத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“வால்புர்கா, நீ...”

“ஒரு நிமிஷம்” என்றாள் புர்கி.

என் தொடையில் சாவி சுட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஓரடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். கண் துறவிகள் வாசல் பக்கம் போனது. மூன்றாவது அடியில் அவளுடைய பின்புறம் நேராகப் போய் அந்த மணியில் மோதியது.

எத்தனையோ வருடமாக வாயைத் திறக்காத மணி. கோயில் முழுக்க நிறைந்து, வெளியே போய், ஊரையே எட்டியது.

மீன்குளத்துக்கு அந்தப் பக்கம் வேட்டுக்காரர்கள் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளி நில் என்றால் வேட்டுக்காரர்களுக்கு அது மானக்கேடு. குளத்தங்கரையில் சேறு வேறு. அதனால் யாரிடமும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் வந்து வரிசை கட்டியிருந்தார்கள். மணிச் சத்தம் கேட்டது. அவள் ‘ஆம்’ சொல்லிவிட்டாள் என்று நினைத்து, பாவிகள், முப்பது வருடத்துச் சந்தோஷத்தையும் சேர்த்து இருபத்துநான்கையும் ஒன்றாக வெடித்தார்கள்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிகள் ஒவ்வொன்றும் கூவ ஆரம்பித்தன. விளக்கெல்லாம் அணைந்து மூலையில் பச்சை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. பெரிய கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. வெளியே வாத்தியக்காரர்கள் வாழ்த்து வாசிப்பது கேட்டது. ஊர் முழுக்கக் கல்யாணம் முடிந்துவிட்டது. உள்ளே மட்டும்தான் முடியவில்லை.

டாக்டரம்மா கைப்பேசியில் கத்தி, ஒருவழியாகக் கூவலை நிறுத்தினார். ஆள் வர நாற்பது நிமிடம் ஆகுமாம்.

“நாப்பது நிமிஷமா?” என்றார் லெயோன்ஹார்ட். “விடுதியில விருந்துக்கு வெள்ளைச் சாசேஜ் வெந்நீர்ல கிடக்குது மேடம். பன்னிரண்டு மணி அடிக்கிறதுக்குள்ள தின்னாகணும்.”

“அடிச்ச பிறகு தின்னா என்ன ஆகும்?” என்றார் டாக்டரம்மா.

மத்தியான மணியைக் கேட்ட வெள்ளைச் சாசேஜை எங்கள் பக்கம் தொடமாட்டார்கள். பன்னிரண்டுக்கு மேல் வெள்ளைச் சாசேஜ் தின்பதைப் பற்றி இந்த ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

“அவசர வாசல் இருக்கே” என்றார் டாக்டரம்மா. இரண்டு பேர் ஓடிப்போய் ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. “பூட்டியிருக்கு! யார் பூட்டினது? விதி நாலுல தெளிவா எழுதியிருக்கேனே!”

நான் மேலே பார்த்தேன். எங்கள் கோயிலின் வளைகூரை மிக அழகானது.

இதற்குள் அண்ணன் கயிற்றைத் தாண்டிப் போய் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“எழுந்திருங்க! அது பதினஞ்சாம் நூற்றாண்டு!”

“என் முட்டியும் அந்தக் காலத்துதான் மேடம். கொஞ்சம் இருங்க.”

டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் தாண்டிய கயிற்றை இழுத்துச் சரிசெய்தார். அவன் இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு பலகையில் அப்படி ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

புர்கி நேராக என்னிடம் வந்தாள்.

“சாவி உன்கிட்டதானடி இருக்கு?”

“எந்தச் சாவி?”

“நடிக்காதே. வந்ததுலேர்ந்து ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறே. ஏன் பூட்டினே?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா? உன் கால் எந்தப் பக்கம் போகும்னு ஊருக்கே தெரியும்.”

“நான் இந்தத் தடவை ஓட வரலைடி.” அவள் குரல் இறங்கியது. “கண்காட்சி இருக்கும்போதே வெச்சுக்கலாம்னு ஏன் சொன்னேன் தெரியுமா? எல்லாரும் என் முதுகையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. ரெண்டு தடவையும் அதுதான். இங்க இவ்வளவு சாமான் இருந்தா ஜனங்க அதைப் பாக்கும், என்னைப் பாக்காதுன்னு நெனைச்சேன். வந்து நின்னா, அந்தப் பொம்பளை என் தலைமேலயே லைட்டைப் போட்டு வெச்சிருக்கா.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல, கழுதை?”

“வெக்கமா இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “சாவியைக் குடு. பூட்டின இடத்துல என்னால நிக்க முடியாது.”

நான் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை. கொடுத்தால் அவள் போய்விடுவாள், அவள் போனால் அண்ணனும் போய்விடுவான், நான் இரண்டு காலி வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். பாவாடைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“குடுத்துடு சென்சி” என்றான் அண்ணன். பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. “பூட்டி வெச்சு வாங்கற ‘ஆம்’ எனக்கு வேணாம்.”

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். டாக்டரம்மா, “அப்போ நீங்கதானா!” என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

புர்கி துறவிகள் வாசலைத் திறந்தாள். வெயிலும் காற்றும் உள்ளே வந்தன. கல்லறைத் தோட்டம் தெரிந்தது, சுவர் தெரிந்தது, சுவருக்கு அப்பால் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு, எங்கள் ஊரில் எது தவறினாலும் தவறாதது, வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஓட்டுநருக்கும் பழக்கம்போல.

சாசேஜுக்குத் துடித்தவர்களில் ஒருத்தர்கூட வாசல் பக்கம் நகரவில்லை. ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பார்க்காதீர்கள் என்று கத்தலாம் போலிருந்தது எனக்கு. லெயோன்ஹார்டின் விலாவில் ஓர் இடி இடித்தேன். அவர் புரிந்துகொண்டு ஒற்றைச் செருப்பைப் பார்க்கத் திரும்பினார். மாவுமில் குடும்பம் திரும்பியது. ஒவ்வொருவராக எல்லோரும் திரும்பி, ஏதோ அன்றுதான் முதல்முறை பார்ப்பது போல அந்தத் துருப்பிடித்த சாமான்களை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டரம்மாவின் கண்காட்சிக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

பேருந்து புறப்படும் சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம் கதவு சாத்தும் சத்தம். சாவி திரும்பும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து பூட்டியிருக்கிறாள் என்று தெரியவில்லை.

“கதவைத் திறந்து போட்டா ஈரப்பதம் ஏறும்னு அந்தம்மா மாசக்கணக்கா தொண்டை கிழியக் கத்துது” என்றது புர்கியின் குரல், உள்ளேயிருந்துதான். “ஒருத்தருக்கும் காதுல விழலையா? ஃபாதர், எங்க விட்டீங்க?”

சாவியைச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு நடந்துவந்து, அண்ணனின் கையைப் பிடித்துப் பலகையிலிருந்து எழுப்பினாள். பாதிரியார் கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. “ஆமா, ஆமா” என்றாள். இரண்டு தடவை சொன்னாள். பழைய பாக்கிக்குச் சேர்த்து என்று நினைக்கிறேன்.

மணியடிக்க எனக்குக் கை வரவில்லை. அடித்தும் பயனில்லை, வேட்டுக்காரர்கள் மருந்தைத் தீர்த்துவிட்டு விடுதிக்குப் போய் எங்கள் சாசேஜையும் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன். லெயோன்ஹார்டும் அழுதார், அது சாசேஜுக்காகவும் இருக்கலாம். பக்கத்து மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டியது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

கண்காட்சி போய் ஒரு வருடமாகிறது. பெஞ்சு வந்துவிட்டது, என் பூச்சாடி வந்துவிட்டது. துறவிகள் வாசல் சாவி மட்டும் இன்னும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். வியாழக்கிழமை தோறும் சூப்புக்கு உட்காரும்போது கேட்பேன். அவள் அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே சொல்வாள்:

“வேணும்னா வந்து வாங்கிக்கோடி. நான் எங்க போயிடப் போறேன்?”